நீடாமங்கலம், மன்னார்குடிப் பகுதியில் "அன்லிமிடெட்" சிம் ரவுட்டர் வாங்கவிருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து தெற்கே இறங்குகின்றன. அவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒன்றில் நான் குடியிருக்கிறேன். அரிசி ஆலைகள், உரக்கடைகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி கணக்குகளை வீட்டிலிருந்தே பார்த்துக் கொடுப்பது என் தொழில். எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த கேபிள், 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் கம்பங்களோடு சாய்ந்தது. மின்கம்பங்களை நட்டார்கள், கேபிளை மட்டும் யாரும் மறுபடி இழுக்கவில்லை. ஃபைபர் இணைப்பும் கடைத்தெருவோடு நின்றுவிட்டது. எனவே சிம் போட்டு ஓடும் ரவுட்டர் எங்களைப் போன்றவர்களுக்கு ஆடம்பரம் அன்று, பிழைப்புக்கே தேவைப்படும் பொருள். அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டுதான் ஒருவர் வீடு தேடி வந்தார்.

4ஜி ரவுட்டரும் ஓராண்டு இணையமும் சேர்த்து 15,500 ரூபாய் என்றும், மாதத்துக்கு எத்தனை ஜிபி ஓடினாலும் வேகம் குறையாது என்றும் அவர் உறுதி கூறினார். "அய்யா, இது சும்மா போன் சிம் இல்ல, வீட்டுக்குன்னே வர்ற அன்லிமிடெட் பிளான், நீங்க ரீசார்ஜ்ங்கிற வார்த்தையையே மறந்துடலாம்" என்று அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. ஆதார் எண்ணைக் கேட்டார். கைரேகைக் கருவியில் என் பெருவிரலை வைக்கச் சொன்னார். சரியாகப் பதியவில்லை என்று மறுபடியும் வைக்கச் சொன்னார், பிறகு மூன்றாவது முறையும். பணத்தை அவருடைய சொந்தக் கணக்குக்கு யுபிஐ வழியாக அனுப்பினேன். அவர் கொடுத்த சீட்டில் "எஸ்டிமேட்" என்று மட்டுமே இருந்தது. கடையின் ஜிஎஸ்டி எண் இல்லை. ஊரார் பில்களையெல்லாம் சரிபார்க்கும் நான் எனக்கென்று ஒரு பில்லைக் கேட்டு வாங்கவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

பத்தே நிமிடத்தில் இணையம் ஓடத் தொடங்கியது. எனக்கு அப்போது ஏற்பட்டது மகிழ்ச்சி மட்டுமே. ஐயம் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. புதிதாக வாங்கும் சிம் சரிபார்ப்பு முடிந்து உயிர்பெறப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். கைரேகை வைத்த பத்தாம் நிமிடத்தில் ஒரு சிம் ஓடுகிறது என்றால், அது ஏற்கெனவே வேறு யாருடைய பெயரிலோ ஓடிக்கொண்டிருந்த சிம்மாக இருக்கலாமோ என்று ஐயப்பட்டிருக்க வேண்டும்.

பதினேழு நாள்கள் குறையின்றி ஓடியது. 19ஆம் தேதி இரவு எல்லாம் நின்றதுபோல் ஆயிற்று. மறுநாள் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். ஐந்து பேருடைய கணக்குகள் என் கையில் இருந்தன. இணையம் முற்றிலும் அறுந்திருந்தால்கூடக் காரணம் உடனே தெரிந்திருக்கும். வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு வெட்டப்பட்டிருந்ததால் பக்கம் திறப்பதுபோல் திறந்து பாதியில் நின்றது. 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி கோப்பு இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அரசின் வரித்தளம் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை, நம்மை வெளியேற்றிவிடும். விற்றவரைக் கூப்பிட்டால், "டவர்ல வேலை நடக்குதுங்க அய்யா, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். அன்று மாலை ஆலை உரிமையாளர் ஒருவரின் வீட்டுக்குச் சென்று மூன்று கணக்குகளை முடித்தேன். மற்ற இரண்டும் தாமதமாயின. நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன்.

அதன் பின்னர்தான் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்க்க முயன்றேன். கடவுச்சொல்லை அவர் மாற்றி வைத்திருந்தார். பின்புறத் துளையில் ஊசியை அழுத்தி ரவுட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, சிம்மைக் கழற்றி ஒரு கைப்பேசியில் போட்டுப் பார்த்தபோது உண்மை விளங்கியது. அது மாதத்துக்கு 100 ஜிபி அளவுள்ள ஒரு சாதாரணத் திட்டம். அளவு தீர்ந்தால் வேகம் குறையும் என்று அந்தத் திட்டத்திலேயே எழுதியிருந்தது. அன்லிமிடெட் என்ற சொல்லை இத்தொழிலில் உள்ளவர்கள் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்: அளவு தீர்ந்த பிறகும் இணைப்பு அறுபடாது என்பதே அதன் பொருள், வேகம் குறையாது என்பதன்று. 2023இல் நிறுவனங்களே நேரடியாகக் கொண்டுவந்த ஏர்ஃபைபர் வகை (கம்பியில்லாமல் வரும்) வீட்டு இணையச் சேவைகளில்கூட மாதம் 1,000 ஜிபி என்ற வரம்பு இருந்தது. அவர்கள் அந்த வரம்பை எழுத்தில் சொன்னார்கள். என்னிடம் விற்றவர் மறைத்தார்.

இரண்டாம் மாதம் சிம் அடியோடு செத்துப்போனது. மன்னார்குடியில் உள்ள வாடிக்கையாளர் சேவை மையத்துக்குச் சென்றேன். அங்கிருந்த பெண் பொறுமையாக எண்ணைப் பார்த்துவிட்டு, "இது உங்க பேர்ல இல்லைங்க சார், யார் பேர்ல இருக்குன்னு நாங்க சொல்லவும் கூடாது" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. சேவையில் குறை இருந்தால் முதலில் புகார் மையத்திலும், அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரியிடமும் முறையிட வாடிக்கையாளருக்கு வழி உண்டு. அந்த வழி வாடிக்கையாளருக்கு மட்டுமே உண்டு. 15,500 ரூபாய் கொடுத்த நான் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் வாடிக்கையாளர் அல்லேன்.

அப்படியானால் என் கைரேகை எங்கே போயிற்று என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் பதிந்தால், நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று காட்டும். என் பெயரில் நான் வாங்காத இரண்டு எண்கள் இருந்தன. மறுபடி மறுபடி விரலை வைக்கச் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. என் வீட்டு ரவுட்டரில் முகம் தெரியாத ஒருவரின் சிம் ஓடியது. என் பெயரிலான சிம்கள் எந்த வீட்டில், அல்லது எந்த மோசடிக்காரரின் கையில் இருந்தன என்பது எனக்குத் தெரியாது. இரண்டையும் "என் எண் அல்ல" என்று குறித்து அனுப்பினேன். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவது 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். அப்படிப்பட்ட ஒரு சிம்மை என் வீட்டுக் கூடத்தில் ஓடவிட்டிருந்தேன் என்று நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

ரவுட்டரும் எங்கள் ஊருக்கு ஏற்றதன்று. என் சொந்தப் பெயரில் ஒரு சிம் வாங்கிப் போட்ட பிறகும் கூடத்தில் சிக்னல் வலு -114 (டிபிஎம் என்ற அளவில்) என்றே காட்டியது. அந்த எண் -80 அளவில் இருந்தால் நல்லது, -110க்கும் கீழே போனால் அநேகமாகப் பயனில்லை. டவர் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அப்பால் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவு கடந்து வந்து கான்கிரீட் சுவருக்குள்ளும் நுழையும்; 2300 போன்ற உயர்ந்தவை மிகுந்த வேகம் தரும், ஆனால் விரைவில் வலுவிழக்கும். எனக்கு விற்ற பெட்டியில் தாழ்ந்த அலைவரிசை ஒன்றுகூட இல்லை. மாடி அறையின் கிழக்கு ஜன்னலில் வைத்த பிறகு -98 ஆயிற்று. கணக்கு வேலைக்கு அது போதும்.

கடைசியாகப் பேசியபோது, ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தால் 3,000 ரூபாய் தருவதாக அவர் சொன்னார்; மறுத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். சிம் மோசடி குறித்துக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனு ஆயத்தமாக உள்ளது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். பில் இல்லாத குறையை யுபிஐ பதிவும் அந்த எஸ்டிமேட் சீட்டும்தான் ஓரளவு ஈடுசெய்கின்றன.

இதே பேச்சோடு வந்தவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள், இணையம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், இன்றே சிம்மைக் கழற்றிக் கைப்பேசியில் போட்டு அது என்ன திட்டம் என்று பாருங்கள். உங்கள் பெயரில் உள்ள எண்களைச் சஞ்சார் சாத்தியில் சரிபாருங்கள். உங்கள் கைரேகையைப் பிறர் பயன்படுத்த முடியாதபடி ஆதாரின் கைரேகைப் பூட்டைப் போட்டு வையுங்கள். சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் அந்த ரவுட்டர் இருக்கிறது. நேற்று மாலை அந்த இரண்டு சிம்களையும் கழற்றிப் பார்த்தோம், ஒன்றுகூட அந்த வீட்டாரின் பெயரில் இல்லை.