கொட்டேஷனில் ‘வாஷபிள் பெயிண்ட்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்: அடுக்களைச் சுவரில் நடக்கும் ஏமாற்று

“கிச்சன் சுவர் – வாஷபிள் பெயிண்ட் – 2 கோட்.” பெயிண்டிங் கான்ட்ராக்டர் நீட்டும் காகிதத்தில் அடுக்களைக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கும். ஏமாற்று பெரும்பாலும் இந்த வரியிலேயே தொடங்கிவிடுகிறது. வாஷபிள் என்பது எந்தப் பொருளின் பெயரும் இல்லை, பளபளப்பின் அளவும் இல்லை. கடையில் கிடைக்கும் மலிவான எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) டப்பாவிலும் அந்த வார்த்தை இருக்கும். ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்தால் தாங்குவதும் வாஷபிள்தான், சோப்புப் போட்டு வருடக்கணக்கில் துடைத்தாலும் தாங்குவதும் வாஷபிள்தான்.

அண்மையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. பேசியது சாட்டின் ஃபினிஷ், அதாவது மெல்லிய பளபளப்பு; காசு கொடுத்ததும் அதற்குத்தான். வேலை முடிந்து சில மாதத்தில் அடுப்புக்கு வலப்பக்கம், டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பட்டை விழுந்துவிட்டது. பாத்திரம் கழுவும் சோப்பை ஸ்பாஞ்சில் தொட்டுத் துடைத்தார்கள். மஞ்சள் போகவில்லை; ஸ்பாஞ்ச்தான் சுவரின் க்ரீம் நிறத்துக்கு மாறியது. துடைத்த இடம் மட்டும் மினுமினுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டுப் போட்ட மாதிரி தெரிந்தது. கான்ட்ராக்டரைக் கேட்டால், “நீங்க அழுத்தித் தேய்ச்சிட்டீங்க மேடம்” என்றார். பரணில் கிடந்த காலி டப்பாவை எடுத்துப் பார்த்தபோது அது ஆக மலிவான வகை இன்டீரியர் எமல்ஷன், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ்.

அழுத்தித் தேய்த்தது காரணமில்லை. மேட் பெயிண்டில், பொடிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிசினைவிட நிரப்புப் பொடி அதிகம்: கால்சியம் கார்பனேட், டால்க் போன்றவை. பெயிண்ட் காய்ந்ததும் அந்தப் பொடிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கும். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காமல் சிதறவிடுவதும் அதுதான், தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவியை உள்ளே இழுப்பதும் அதுதான். உள்ளே போன எண்ணெயைத் துணியால் வெளியே எடுக்க முடியாது. தேய்க்கத் தேய்க்க மேல்பொடி நசுங்கி மினுமினுப்பு ஏறும், இல்லையென்றால் பொடியாகவே துணியில் வரும். சாஃப்ட் ஷீன், சாட்டின், செமி கிளாஸ் என்று பளபளப்பில் மேலே போகப்போகப் பிசின் கூடும், துளை குறையும், பிசுக்கு மேலோடு நிற்கும். உயர்ரக மேட் எமல்ஷன்கள் சில நன்றாகவே துடைபடும் என்பதும் உண்மை. ஆனால் அதன் விலையை வாங்கிக்கொண்டு அதையே அடிப்பார்கள் என்று நம்ப இடமில்லை.

அடுக்களைக்கு எங்கள் பரிந்துரை: டைல்ஸுக்கு மேலே உள்ள சுவர்களுக்கு அக்ரிலிக் எமல்ஷனில் சாட்டின் அல்லது சாஃப்ட் ஷீன். கூரைக்கு மேட் போதும்; அடுப்புக்கு நேர் மேலே சிம்னி இல்லாவிட்டால் அங்கேயும் ஷீன். செமி கிளாஸும் கிளாஸும் நன்றாகத் துடைபடும், ஆனால் பட்டி (சுவரை மட்டமாக்கும் பூச்சு) இழுத்த தகடு போன ஒவ்வொரு அலையையும் ட்யூப் லைட்டில் காட்டிக்கொடுக்கும். சுவர் மட்டமாக இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். அடுப்புக்குப் பின்னால் மட்டும் டைல்ஸைச் சிம்னி உயரத்துக்கு ஏற்றிவிட முடியுமானால் எந்தப் பெயிண்டையும்விட அது மேல்.

‘சாட்டின்’ என்ற சொல்லிலேயே இன்னொரு பொறி உண்டு. எமல்ஷனிலும் சாட்டின் இருக்கிறது, எனாமலிலும் சாட்டின் இருக்கிறது. முதலாவது தண்ணீர் கலந்து அடிப்பது, சுவருக்கானது. இரண்டாவது டர்பன்டைன் கலந்து அடிக்கும் ஆயில் பெயிண்ட், முக்கியமாகக் கதவுக்கும் கிரில்லுக்குமானது. “சாட்டின்தானே கேட்டீங்க, அதான் அடிச்சிருக்கோம்” என்று எனாமலை அடித்துவிட்டுப் போனால் சண்டை போடக்கூட வார்த்தை இருக்காது. பழைய வீடுகளில் நாலடி உயரத்துக்கு ஆயில் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் இருந்தது. துடைக்க அது வசதிதான். ஆனால் வெளிச்சம் குறைந்த அடுக்களையில் வெள்ளையும் க்ரீமும் மஞ்சளாகிவிடும். புதுப் பூச்சில் அடித்தால் சிமெண்டின் காரம் எண்ணெயைச் சோப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். பின்பக்கம் குளியலறை இருந்து சுவரில் ஈரம் ஊறியிருந்தால் கொப்புளம் கிளம்பும்.

டப்பா சரியாக இருந்தும் வேலையில் கை வைப்பது அடுத்த வகை.

பழைய அடுக்களையில் பிசுக்கை எடுக்காமல் பட்டி பார்ப்பதுதான் இதில் மோசம். “பட்டி போட்டா எல்லாம் மூடிடும் சார்” என்பார்கள். வெள்ளை சிமெண்ட் பட்டிக்கு உறிஞ்சும் சுவர் வேண்டும். எண்ணெயின் மேலும், பழைய ஆயில் பெயிண்டின் மேலும் அது பிடிக்காது. ஒரு கோடைக்குள் தகடு தகடாக உரியும். சலவை சோடா கலந்த வெந்நீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகுதான் உப்புத்தாளே தொட வேண்டும். பழையது எமல்ஷனா ஆயிலா என்று தெரியாவிட்டால், நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து ஓர் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். எமல்ஷன் இளகிப் பஞ்சில் ஒட்டும், ஆயில் பெயிண்ட் அவ்வளவு சுலபத்தில் அசையாது. ஆயில் என்றால் 180-ஆம் நம்பர் தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும், அதற்கேற்ற பிரைமரும் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வேண்டும்.

பட்டிக்குப் பிறகு பிரைமரை முழுங்குவது இன்னொன்று. மேட் அடித்தால் இது சீக்கிரம் தெரியாது. ஷீன் அடித்தால் மறுநாளே தெரியும்: பட்டி அதிகம் உறிஞ்சிய இடம் மங்கலாகவும் மற்ற இடம் பளபளப்பாகவும் திட்டுத் திட்டாக நிற்கும். மூன்றாவது கோட் அடித்துச் சரிசெய்கிறேன் என்று அதற்கும் உங்களிடமே பெயிண்ட் வாங்கச் சொல்வார்கள்.

தண்ணீர்க் கணக்கு டப்பாவின் பின்பக்கம் இருக்கிறது. லிட்டருக்கு 400 மி.லி. வாக்கில் பல எமல்ஷன்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பொருளுக்குப் பொருள் மாறும், படித்துவிடுங்கள். சரிக்குச் சரி தண்ணீர் ஊற்றினால் பிசின் படலம் மெலிந்துவிடும், பேசிய சாட்டின் பாதி மேட்டாகிவிடும். பிரஷை எடுத்ததும் கைவழியே ஒழுகினால், இரண்டு கோட்டுக்குப் பிறகும் சுவரில் முன்பிருந்த பென்சில் கோடு தெரிந்தால், சந்தேகப்படலாம்.

ஏமாற்றைக் கண்டுபிடிக்க அளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. 8-க்கு 10 அடி அடுக்களை, உயரம் 10 அடி என்று வையுங்கள். நாலு சுவரும் சேர்த்து 360 சதுர அடி. மேடையும் டைல்ஸும் 16 அடி நீளத்துக்குத் தரையிலிருந்து நாலே முக்கால் அடி மறைத்தால் 76 போகும். கதவுக்கு 21, ஜன்னலுக்கு 12 கழித்தால் மிச்சம் 251. நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 முதல் 120 சதுர அடி போகும் என்று கணக்கிட்டால் இரண்டேகால் லிட்டர் சொச்சம் வேண்டும். மூன்று லிட்டர் வாங்கி மிச்சத்தை டச்சப்புக்கு வைக்கலாம். ஒரே ஒரு லிட்டர் டப்பாவைக் காட்டி “இரண்டு கோட் முடிஞ்சது” என்றால் ஒன்று கோட் குறைந்திருக்கிறது, இல்லை தண்ணீர் கூடியிருக்கிறது, இல்லை வேறு டப்பா உள்ளே வந்திருக்கிறது.

அந்த ‘வேறு டப்பா’ எப்படி வருகிறது? வெள்ளை மலிவு எமல்ஷன் 20 லிட்டர் பக்கெட்டாக வந்திறங்கும், அதில் ஸ்டெய்னர் பாட்டிலைக் கையாலேயே ஊற்றி நிறம் கலப்பார்கள். ஷேட் கார்டில் நீங்கள் காட்டிய நிறம் ஏறக்குறைய வந்துவிடும். ஸ்டெய்னர் அளவு மீறினால் துடைக்கும்போது நிறமே துணியில் வரும். மறுபடி அதே நிறம் கலக்கவும் முடியாது. கடையில் மெஷினில் கலந்த டப்பாவின் மூடியில் பொருளின் பெயர், ஷேட் நம்பர், பேஸ் (நிறம் கலக்கும் முன் இருந்த அடிப்படைப் பெயிண்டின் வகை), தேதி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைப் போட்டோ எடுங்கள். சீல் உங்கள் முன்னால்தான் உடைய வேண்டும். பல பிராண்டுகளின் டப்பாவில் பெயிண்டருக்கான டோக்கனோ ஸ்கேன் செய்யும் கோடோ இருக்கும். அதை அவர் எடுத்துக்கொள்வது வழக்கம்தான், குற்றமில்லை. டோக்கன் அதிகம் தரும் பொருளையே “இதுதான் சார் பெஸ்ட்” என்று தள்ளும்போது மட்டும் உஷாராக இருங்கள்.

கொட்டேஷனில் அடுக்களைக்கு இவ்வளவும் இருக்க வேண்டும்: பிசுக்கு கழுவுதல், பட்டி எத்தனை கோட், பிரைமர் எந்தப் பொருள் எத்தனை கோட், மேல் பெயிண்டின் முழுப் பெயர், எமல்ஷனா எனாமலா, எந்த ஷீன் (பளபளப்பு), எத்தனை லிட்டர், பில் யார் பெயரில். பில் உங்கள் பெயரில் இருப்பது நல்லது. பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்ல உங்கள் கையில் இருப்பது அந்தப் பில்லும் ஸ்டிக்கர் போட்டோவும்தான்.

வேலை முடிந்த அன்றே சோப்புப் போட்டுச் சோதிக்காதீர்கள். எமல்ஷன் முழுக்க இறுகச் சுமார் 28 நாள் ஆகும். அதற்குள் தேய்த்தால் நல்ல பெயிண்டும் தோற்கும், பழியும் உங்கள் மேல் விழும். முதல் நாள் பார்க்க வேண்டியது வேறு: விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். சாட்டினில் ஒளி மெல்லிய பட்டையாகத் திரும்பும். மேட்டில் அப்படியே சுண்ணாம்புச் சுவர்போல் செத்துக் கிடக்கும். கடைசித் தவணையில் ஒரு சிறு பங்கை ஒரு மாதம் நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே எழுதிக்கொண்டால், 28 நாளுக்குப் பிறகு நிம்மதியாக ஈரத்துணிச் சோதனை செய்யலாம்.

ஏற்கெனவே மேட் அடித்து ஏமாந்தவர்கள் சுவரைச் சுரண்டத் தேவையில்லை. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வராவிட்டால் அடித்தளம் பிடித்திருக்கிறது. சோடாத் தண்ணீரில் பிசுக்கைக் கழுவி, காயவிட்டு, 220 தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, கறை பட்ட இடத்துக்குப் பிரைமர் கொடுத்து, மேலே சாட்டின் எமல்ஷன் இரண்டு கோட். கறை இருந்த இடத்தோடு நிறுத்தினால் பளபளப்பு வேறுபட்டுத் தெரியும். அந்தச் சுவரை மூலைக்கு மூலை முழுதாக அடித்துவிடுங்கள்.