இரண்டு மாத இன்டர்ன்ஷிப்: ஓ.எம்.ஆர். பக்கம் எங்கே தங்கலாம்?

மே, ஜூன் இரண்டு மாதமும் சென்னையில் இன்டர்ன்ஷிப் என்று உறுதியானதும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் எனக்குப் போன் செய்வார்கள். "அண்ணே, தங்குறதுக்கு எது சீப்பு?" என்பதுதான் முதல் கேள்வி. கோவில்பட்டியிலிருந்து வந்தபோது நானும் அதையேதான் கேட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், ஆபீஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. மத்திய கைலாஷில் தொடங்கி தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று இருபது கிலோமீட்டருக்கும் மேல் போகிற சாலை அது. மெட்ரோ ரயில் வேலை வேறு நடப்பதால், வரைபடத்தில் பக்கமாகத் தெரிகிற இடத்துக்கும் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேருவது லேசில்லை.

பையன்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது திருவல்லிக்கேணி மேன்ஷன், அதாவது ஆண்களுக்கு மாத வாடகைக்கு அறை விடுகிற கட்டடம். வாடகை குறைவு, தெருவுக்குத் தெரு மெஸ், சாயங்காலம் நடந்தே மெரினா போகலாம். ஆபீஸ் டைடல் பார்க்கிலோ தரமணியிலோ என்றால் நானும் மேன்ஷனைத்தான் சொல்வேன். திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் திருவான்மியூரில், இல்லாவிட்டால் தரமணியில் இறங்கிக்கொள்ளலாம். டிராஃபிக் என்ற பேச்சே இல்லை. ஆபீஸ் சோழிங்கநல்லூர் என்றால் கணக்கு மாறிவிடும். ரயிலிலிருந்து இறங்கி பஸ் பிடித்து, அந்தச் சாலையில் ஊர்ந்து போய்வர தினமும் மூன்று மணி நேரம் ஆகும் என்று வையுங்கள். 42 வேலை நாளுக்கு 126 மணி நேரம். வேலை கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு இது பெரிய நஷ்டம்.

அடுத்தது ஆபீஸ் பக்கத்திலேயே பி.ஜி. விடுதி. துரைப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை சந்துக்குச் சந்து இருக்கிறது. மேன்ஷனைவிட வாடகை கூடுதல். ஆனால் சாப்பாடு அதிலேயே சேர்ந்துவிடும், ஆபீசுக்கு நடந்தே போகலாம். சோழிங்கநல்லூர் பக்கம் வேலை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். நான் ஏமாந்ததும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் தங்கிய விடுதியில் மாதம் 7,000 ரூபாய், அட்வான்ஸ் 7,000. ஜூன் 30 காலி செய்யப் போகிறேன் என்று ஜூன் கடைசி வாரத்தில்தான் சொன்னேன். "ஒரு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கணும் தம்பி, ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்கே" என்றார் மேனேஜர். அட்வான்ஸ் முழுவதும் போயிற்று. மாதம் 10,000 ஸ்டைபெண்ட் வாங்கிய எனக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டே மாதம் தங்குகிறவருக்கு ஒரு மாத நோட்டீஸ் என்றால் பாதி நாளிலேயே சொல்லியாக வேண்டும். அதனால் சேருகிற அன்றைக்கே, "ஜூன் 30 காலி செய்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கிவிடுங்கள். மெயின்டனன்ஸ் என்று அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே கேளுங்கள். மாதம் 8,000 என்று சொல்லிக் கடைசியில் 2,000 பிடித்தால் உண்மையான வாடகை 9,000.

இன்னொன்று, அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையை எடுக்காதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். ஏசி அறை என்றால் கரண்ட் பில் தனியா, யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். தண்ணீரும் முக்கியம். லாரித் தண்ணீரை நம்பி இருக்கிற கட்டடங்கள் இங்கே நிறைய. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் சில கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது இந்தச் சாலையில்தான். குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள், உப்பு தெரிந்துவிடும்.

சொந்தக்காரர் வீடு? அம்மா அப்பாவுக்கு இதுதான் நிம்மதி. அத்தையோ சித்தியோ வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஓ.எம்.ஆருக்கு ரொம்பத் தூரமான அம்பத்தூரில் இருந்தால் முதல் நான்கு நாள் மட்டும் தங்கி, அங்கிருந்து விடுதி தேடுங்கள். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இரண்டு மாதம் என்றால் அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத சிரமம் நிறைய இருக்கும். பத்து மணிக்கு வருகிற பிள்ளைக்காக ஒருவர் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு தூங்காமல் இருப்பார்.

தனி வீடு வாடகைக்கு எடுப்பது இரண்டு மாதத்துக்குச் சரிப்படாது. பதினொரு மாத அக்ரிமெண்ட்டும் பெரிய அட்வான்ஸும் கேட்பார்கள். அதற்குப் பதில் சீனியர்கள் சேர்ந்து எடுத்திருக்கிற வீட்டில் யாராவது ஊருக்குப் போய் ஓர் இடம் காலியானால், யோசிக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் இல்லை, நோட்டீஸ் இல்லை, வேலையில் சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆள் உண்டு. வீட்டு ஓனருக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

தங்கைகளுக்கு மேன்ஷன் கிடையாது. மற்றவற்றில் விடுதிதான் முதல் தேர்வு. அது பதிவு பெற்ற விடுதியா என்று கட்டாயம் கேளுங்கள்; பெண்கள் விடுதிகள் பதிவு செய்ய வேண்டும் என்று 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அரசின் தோழி விடுதி தாம்பரம், கூடுவாஞ்சேரியில் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கானது என்பதால், இன்டர்ன்ஷிப் கடிதத்தைக் காட்டி இடம் கிடைக்குமா என்று ஏப்ரலிலேயே விசாரித்துவிடுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் நீங்கள் இலவசமாகப் போகலாம் என்பதால், இரண்டு ஸ்டாப் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ராத்திரி இறங்கி நடக்கிற தெருவை ஒருமுறை எட்டு மணிக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.