புதிய மலைப்பூவுக்கு எது நல்லது: அழுத்திய தாளா, அற்ககோல் போத்தலா?

நக்கிள்ஸ் மலைக்காட்டில் இதுவரை பெயரிடப்படாத காசித்தும்பை ஒன்று பூத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுமதி பெற்றுச் சேகரித்தாயிற்று. கொழும்பிலிருந்து போகும் தாவரவியல் மாணவர்கள் அடுத்து முடிவு செய்ய வேண்டியது: செடியைத் தாளில் அழுத்தி உலர்த்துவதா, பூவை அற்ககோலில் இடுவதா?

அழுத்திய மாதிரியில் தண்டு, இலை அடுக்கு, கிளைக்கும் விதம் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். நன்றாக உலர்ந்தால் நூறாண்டு தாண்டியும் நிற்கும். உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் அதற்குச் சான்று உண்டு. கொழும்பின் ஈரக்காற்றில் தாள் மாற்றாமல் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும், கவனம்.

ஆனால் காசித்தும்பைக்குப் பூதான் எல்லாம். தேன் சுரக்கும் வால் எவ்வளவு வளைகிறது, பக்க இதழ்கள் எப்படி இணைகின்றன என்பதை வைத்தே இனங்களைப் பிரிக்கிறோம். அந்த மெல்லிய இதழ்களை அழுத்தினால் நனைந்த டிஷ்யூ போல ஒட்டிக்கொள்ளும். 70 சதவீத எதனோலில் வடிவம் அப்படியே இருக்கும். நுணுக்குக்காட்டியின் கீழ் திருப்பித் திருப்பி அளக்கலாம். நிறம் மட்டும் போய்விடும். ஆகவே பறிக்கும் முன்பே படம் எடுங்கள், தயவுசெய்து.

சரி, படம் மட்டும் போதாதா? போதாது. தாவரங்களுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின்படி, 2007 முதல் புதிய பூக்கும் தாவர இனத்தின் பெயருக்கு மாதிரிதான் ஆதாரமாக வேண்டும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், காசித்தும்பைக்கு நான் போத்தலையே சொல்வேன். முடிந்தால் இரண்டும் செய்யுங்கள். ஒரே சேகரிப்பின் பகுதிகள் என்று இரண்டு சீட்டுகளிலும் தெளிவாகக் குறியுங்கள்.