மறுபோட்டி கொடுப்பதா, நழுவுவதா? லெனாக்ஸ் லூயிஸை வைத்து ஓர் அலசல்

"முப்பத்தெட்டு வயசுல அவன் எதுக்கு மாப்ள இன்னொரு தடவ அடி வாங்கணும்?" இது எங்கள் மாமாவின் கட்சி.

"அப்ப ஜெயிச்சேன்னு எப்படி மாமா சொல்லிக்கிறது?" இது என் கட்சி.

விவகாரம் இதுதான்: குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ், தன்னிடம் தோற்ற விட்டாலி கிளிட்ச்கோவுக்கு மறுபோட்டி கொடுக்காமல் 2004 பிப்ரவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். இருபது வருஷம் கழித்தும் மன்னார்குடியில் இதற்காக இரண்டு பேர் டீயை ஆறவிடுகிறார்கள். டெல்டாவில் கபடி உண்டு, சிலம்பம் உண்டு. குத்துச்சண்டை என்றால் வடசென்னைக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் சண்டை நமக்கு ஞாயிறு காலையில் வருவதால், வயலுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்க்கிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். மாமா கபடியில் பாடப் போய் முட்டியைத் தொலைத்தவர். அதனால் அவர் பேச்செல்லாம் உடம்பிலிருந்துதான் தொடங்கும்.

இந்த அலசலுக்கு லூயிஸை எடுப்பதற்குக் காரணம் உண்டு. மறுபோட்டி கேட்டு நீதிமன்றம் போனவரும் அவர்தான், மறுபோட்டி கொடுக்காமல் போனவரும் அவர்தான். அவரைப் பார்த்து ஒதுங்கிய சாம்பியனும் ஒருவர் இருக்கிறார்.

கேட்டு வாங்கிய மறுபோட்டி

2001 ஏப்ரல் 22, தென்னாப்பிரிக்காவின் பிராக்பன். எதிராளி ஹசீம் ரஹ்மான். பெரிதாக யாரும் பொருட்படுத்தாத ஆள். கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும் ஊர், மூச்சு பழக நாள் வேண்டும். லூயிஸ் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார், உடம்பிலும் சதை போட்டிருந்தது. ஐந்தாவது சுற்றில் ரஹ்மானின் வலது கை தாடையில் இறங்கியது. லூயிஸ் மல்லாந்துவிட்டார்.

ரஹ்மானுக்கு வேறு எதிராளிகளைப் பார்க்க ஆசை. ஆனால் ஒப்பந்தத்தில் மறுபோட்டி விதி இருந்தது. லூயிஸ் வழக்குப் போட்டார். முதலில் லூயிஸோடுதான் மோத வேண்டும் என்று நியூயார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நவம்பர் 17 அன்று லாஸ் வேகாஸில் நான்காவது சுற்றிலேயே ரஹ்மானைப் படுக்கவைத்துவிட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார் லூயிஸ். ரஹ்மான் சாம்பியனாக இருந்தது ஏழு மாதம்கூட இல்லை.

இந்த மறுபோட்டி விதி சம்பாவுக்கு நாம் கட்டுகிற பயிர்க் காப்பீடு மாதிரி. சிட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பணம் வரும் வழி சுலபம். குத்தகைக்கு உழுதவர் அடங்கலுக்காக வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு நடக்க வேண்டும். விதியும் பெரும்பாலும் சாம்பியன் பக்கத்துக்குத்தான் எழுதப்படும். அவர் சறுக்கினால் இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கிறது. சவால் விட்டவர் தோற்றால் வீட்டுக்குப் போகலாம். அதில் கையெழுத்துப் போடாவிட்டால் முதல் போட்டியே கிடைக்காது.

2019இல் ஆண்டி ரூயிஸுக்கும் இதே கதைதான். எதிராளியாக இருந்தவர் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர், ஜூன் 1 அன்று சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவை ஏழாவது சுற்றில் முடித்தார். டிசம்பரில் சவூதியில் மறுபோட்டி. பதினைந்து பவுண்டு கூடுதல் எடையோடு வந்து, பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பாட்டையும் கொண்டாட்டத்தையும் குறைத்திருக்கலாம்தான்; அது வேறு பேச்சு.

விதியால் இன்னொரு சங்கடமும் உண்டு, வரிசையில் நிற்பவன் நின்றுகொண்டே இருக்க வேண்டும். 2021இல் டைசன் ஃபியூரியும் ஜோஷுவாவும் மோதுவதாக எல்லாம் பேசி முடிந்திருந்தது. ஏற்கெனவே ஃபியூரியோடு இரண்டு முறை மோதிய டியோன்டே வைல்டருக்கு மூன்றாவது போட்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று நடுவர் தீர்ப்பாயம் சொன்னதும் அது கலைந்தது. அந்த மூன்றாவது போட்டி பிரமாதமாக இருந்தது என்பதையும் மறைக்க முடியாது. ஐந்து தடவை ஆள் விழுந்தார்கள், பதினொன்றாவது சுற்றில்தான் ஃபியூரி முடித்தார்.

சதுரங்கத்தில் இந்த உரிமையை எப்போதோ எடுத்துவிட்டார்கள். உலக சாம்பியன் போட்வின்னிக் 1957இல் ஸ்மிஸ்லோவிடமும் 1960இல் டாலிடமும் தோற்று, இரண்டு முறையும் அடுத்த வருஷமே மறுபோட்டியில் பட்டத்தை மீட்டார். அதன்பிறகு விதி போனது. 1963இல் பெட்ரோசியனிடம் தோற்றபோது அவருக்கு மறுபோட்டி இல்லை. நம்ம ஆனந்த் 2013இல் சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. 2014இல் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஆடி, ஜெயித்து, அதே வருஷம் கார்ல்சன் முன்னால் போய் உட்கார்ந்தார். மறுபடியும் தோற்றார் என்றாலும், அந்த நாற்காலி அவர் சம்பாதித்தது.

கொடுக்காத மறுபோட்டி

2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சல்ஸ். லூயிஸோடு மோத இருந்தவர் காயம்பட்டதால் இரண்டு வார அவகாசத்தில் விட்டாலி வந்தார். லூயிஸ் 256 பவுண்டுக்கு மேல் இருந்தார். அவர் வாழ்க்கையிலேயே அதிக எடை. ஆறு சுற்று முடிந்தபோது மூன்று நடுவர்களும் விட்டாலிக்கு 58 புள்ளி, லூயிஸுக்கு 56 என்று போட்டிருந்தார்கள். ஆனால் விட்டாலியின் இடது கண்ணைச் சுற்றிப் பிளந்திருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டார். விட்டாலி நிறுத்தாதே என்று கத்தினார். முடிவு லூயிஸ் பக்கம்.

பார்த்த எவருக்கும் மனசு நிறையவில்லை. மறுபோட்டி என்று ஒன்று பொருந்துமானால் இங்கேதான் பொருந்தும். ஏனென்றால் யார் பெரியவர் என்ற கேள்வி பாதியில் நின்றது. ரஹ்மான் விஷயத்தில் அப்படிக் கேள்வியே இல்லை. ஆள் விழுந்தான், பத்து எண்ணினார்கள், முடிந்தது. ஆக, தெளிவாகத் தோற்றவருக்கு விதி வழியாக இரண்டாவது வாய்ப்பு வந்தது. சந்தேகத்தோடு தோற்றவருக்கு வரவில்லை. என் ஆதங்கம் அதுதான். மறுபோட்டி என்பது முன்னாள் சாம்பியனுக்குச் சேர வேண்டிய பாக்கி அல்ல, முடிவில் சந்தேகம் இருந்தால் மட்டும் கொடுக்க வேண்டியது. 1999 மார்ச்சில் லூயிஸ் 348 குத்து இறக்கி, இன்னொரு சாம்பியனான ஹோலிஃபீல்ட் 130 மட்டுமே இறக்கியும் 'சமம்' என்று அறிவித்தார்களே, அதற்கு நவம்பரில் நடந்த மறுபோட்டி எந்த வாதமும் இல்லாமல் நியாயம்.

மாமா விடமாட்டார். "மணிலாவ மறந்துட்டியா?" என்பார். 1975 அக்டோபர் 1, அலிக்கும் ஃப்ரேசியருக்கும் மூன்றாவது சண்டை. 14 சுற்று முடிந்ததும் ஃப்ரேசியருக்குக் கண் தெரியவில்லை என்று பயிற்சியாளர் எடி ஃபச்சே நிறுத்திவிட்டார். ஜெயித்த அலியும் அதற்குப் பிறகு பழைய அலி இல்லை. மூன்று முறை மோதியதால் ரசிகனுக்குக் கிடைத்தது காலத்துக்கும் பேசக் கதை. அவர்கள் இருவருக்கும் கிடைத்தது வேறு. இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியவர்

1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் கனடாவுக்காக ஆடிய லூயிஸ், ரிடிக் போவை இரண்டாவது சுற்றில் நிறுத்தினார். 1992 நவம்பரில் போவ் ஹோலிஃபீல்டை வென்று ஹெவிவெயிட் சாம்பியன் ஆனபோது, அடுத்து நிற்க வேண்டியவர் லூயிஸ். போவ் என்ன செய்தார்? லண்டனில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, பட்டம் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி.யின் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். மற்ற இரண்டு பெல்ட்டும் இடுப்பிலேயே இருந்தன. 1993இல் மைக்கேல் டோக்ஸை முதல் சுற்றிலும் ஜெஸ்ஸி ஃபெர்கூசனை இரண்டாவது சுற்றிலும் முடித்தார். காசு வந்தது.

இதில் வேடிக்கை, போவ் ஹோலிஃபீல்டுக்கு மட்டும் மறுபோட்டி கொடுத்தார். 1993 நவம்பரில் பட்டத்தையும் அவரிடமே இழந்தார். அந்தத் தோல்வியை யாரும் அவர் மேல் குறையாகச் சொல்வதில்லை. குப்பைத்தொட்டியைத்தான் சொல்கிறார்கள்.

ஒதுங்குவதால் லாபமே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். மேவெதரும் பக்கியாவும் மோதுவதற்கான பேச்சு 2009 கடைசியில் தொடங்கி, ரத்தப் பரிசோதனைத் தகராறில் நின்றுபோனது. போட்டி நடந்தது 2015 மே 2இல். அப்போது மேவெதருக்கு 38, பக்கியாவுக்கு 36. நடுவில் மார்க்கேஸ் பக்கியாவை ஒரே குத்தில் குப்புறப் போட்டிருந்தார். 46 லட்சம் பேர் காசு கட்டிப் பார்த்தார்கள். காத்திருந்ததால் சண்டை சப்பென்று போனது, கல்லா நிறைந்தது. மேவெதர் 50க்கு 50 வெற்றியோடு 2017இல் ஓய்வு பெற்றார். யார் யாருக்குப் பயந்தார்கள் என்று இரண்டு தரப்பு ரசிகர்களும் இன்னும் திட்டிக்கொள்கிறார்கள்.

இத்தனையும் பேசி முடித்தபோது மாமாவும் நானும் ஒரு இடத்தில் ஒத்துப்போனோம். ஒதுங்குவது தப்பில்லை, பெல்ட்டை மாட்டிக்கொண்டே ஒதுங்குவதுதான் தப்பு. 2024இல் ஹெவிவெயிட் சாம்பியன் உசிக் இதைச் சுத்தமாகச் செய்தார். ஃபியூரிக்கு மறுபோட்டி கொடுக்க வேண்டியிருந்ததால், வரிசையில் நின்றவருக்கு வழிவிட்டு ஐ.பி.எஃப். என்ற அமைப்பின் பட்டத்தைக் கீழே வைத்தார். டிசம்பரில் ஃபியூரியை மறுபடியும் வென்றார். லூயிஸும் விட்டாலிக்குப் பயந்தாரோ இல்லையோ, பட்டத்தை வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஏப்ரலில் விட்டாலியே அதை எடுத்துக்கொண்டார். அந்த மட்டில் மாமா சொன்னதை நான் ஏற்றுக்கொண்டாயிற்று.

ஆனால் சுகர் ரே லெனார்ட் பெயரை எடுத்தால் மாமா தானாகவே என் கட்சிக்கு வந்துவிடுவார். 1987 ஏப்ரல் 6, மிடில்வெயிட் சாம்பியன் ஹேக்ளரோடு சண்டை. ஒரு நடுவர் ஹேக்ளருக்கு 115-113, ஒருவர் லெனார்டுக்கு 115-113, மூன்றாமவர் லெனார்டுக்கு 118-110. அந்த 118ஐ மாமா இன்றுவரை ஜீரணிக்கவில்லை. ஹேக்ளர் மறுபோட்டி கேட்டார். லெனார்ட் அடுத்த மாதமே ஓய்வு என்றார், பட்டமும் போனது. எங்கள் கணக்குப்படி அதுவரை சரிதான். ஹேக்ளர் காத்திருந்து பார்த்துவிட்டு 1988 ஜூனில் தானும் ஓய்வை அறிவித்தார், இத்தாலிக்குப் போய் சினிமாவில் நடிக்கத் தொடங்கினார். "அவன் போற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்திருக்கான் மாப்ள" என்பார் மாமா. அந்த நவம்பரிலேயே லெனார்ட் திரும்பி வந்து டானி லாலண்டோடு பட்டத்துக்கு மோதினார்.