கண்ணாடி அறைக்குள் கறுத்தக்கொழும்பான்

திருகோணமலை டவுனில் குளிர் அறை போட்ட ஒரு பழக்கடையைப் பற்றியது இது. கடையின் பெயர் வேண்டாம், ஆட்கள் நல்லவர்கள். எனக்கு உப்புவெளியில் சின்ன ஜூஸ் கடை. கிழமைக்கு மூன்று தடவையாவது இவர்களிடம் போவேன்.

வெளியில் கொளுத்தும் வெயிலுக்கு அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து ஒரு நிமிடம் நின்றாலே போதும். அப்பிளும் திராட்சையும் அருமை, கடித்தால் மொறுமொறு. ஆனால் அதே அறையில், அதே 5 பாகை செல்சியசில், மாம்பழம், வாழைப்பழம், பப்பாசி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். என் கோபம் அங்கேதான்.

போன மாதம் பத்துக் கிலோ கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கினேன். கடையில் பார்க்கும்போது தோலில் ஒரு பொட்டு இல்லை. கொண்டுவந்து மேசையில் பரப்பி இரண்டாம் நாள், தோல் சாம்பல் பூத்து, சின்னச் சின்னக் குழி விழுந்துவிட்டது. வெட்டினால் ஒரு பக்கம் கனிவு, மறுபக்கம் வெளிறி ரப்பர் மாதிரி. வாசம் சுத்தமாக இல்லை. ஏழு கிலோ குப்பைக்குப் போனது.

பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சண்டைக்கே போனேன். "ஒரு கிழமைதான் அக்கா உள்ளுக்கு இருந்தது" என்றான் கடைத் தம்பி. அப்போதுதான் உயர்தரத்தில் படித்த உயிரியல் ஞாபகம் வந்தது. பழுதாக்கியது நாள் அல்ல, குளிர்.

தேங்காய் எண்ணெயை பிரிட்ஜில் வைத்தால் கட்டியாகுமே, கிட்டத்தட்ட அதுதான் பழத்துக்குள்ளும் நடக்கிறது. பழத்தின் ஒவ்வொரு கலத்தையும் போர்த்தியிருக்கும் கலமென்சவ்வின் அடிப்படை கொழுப்புத்தான். வெப்ப நாட்டுப் பழங்களில் அந்தக் கொழுப்பு சுமார் 10 முதல் 13 பாகைக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். சவ்வு ஒழுகும், அயன்கள் வெளியேறும். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளின் வேலை குழம்பி, சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பரவொட்சைட்டு போன்ற அரிக்கும் ஒட்சிசன் வகைகள் பெருகி, மிச்சச் சவ்வையும் அரிக்கும். பழமும் சும்மா இருப்பதில்லை. பரவொட்சைட்டைத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கக் கற்றலேஸ் நொதியத்தை ஏவும், குளிரைத் தாங்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். மாம்பழத்துக்கு அந்தச் சண்டையில் நெடுநாள் நிற்க முடியாது. கலத்துக்குள் சேமிப்புப் பை மாதிரி இருக்கும் புன்வெற்றிடத்தில் இருந்த பீனோல் என்ற பொருட்கள் வெளியே வந்து, கலத்தின் வேறு பகுதியில் இருந்த நொதியத்தோடு கலந்தால் கறுப்பு நிறம். இத்தனையும் உள்ளே நடந்தாலும் கடைக் குளிரில் ஒன்றும் தெரியாது, வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகுதான் தோலில் வெளிக்கும். அப்பிள் குளிர்நாட்டுப் பிள்ளை, அதன் சவ்வு இந்தக் குளிருக்கு அசையாது.

தக்காளியையும் இவர்கள் உள்ளேதான் வைக்கிறார்கள். 2016இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் பங்கேற்ற ஆய்வொன்றில், 5 பாகையில் ஏழு நாள் வைத்த தக்காளியில் வாசனைக்குரிய மரபணுக்கள் அடங்கிப்போயிருந்தன. மரபணுக்களை அடக்கவோ முடுக்கவோ டிஎன்ஏயின் மேல் ஒட்டும் மெதைல் அடையாளங்களும் மாறியிருந்தன. வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தும் வாசம் முழுதாகத் திரும்பவில்லை. எங்கள் சொதியில் ருசி எங்கே போனது என்று இனிக் கேட்கமாட்டேன்.

சுடுநீரில் கொஞ்சநேரம் முக்கி எடுத்துக் குளிரில் வைத்தால் பழம் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உண்டாக்கி ஓரளவு தாங்குமாம். அதற்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்கா கொண்டுபோவது என்று கேட்டேன், தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்பிள், திராட்சைக்கு 5க்கு 5. நம்மூர்ப் பழத்துக்கு 2, அதுவும் தம்பியின் பொறுமைக்காக. முதலாளியிடமும் சொன்னேன். "எல்லாத்தையும் உள்ளுக்கு வைச்சாத்தான் கரண்ட் பில்லுக்குக் கட்டும் பிள்ளை" என்றார். சரி, அவர் கணக்கு அவருக்கு. இப்போது வியாழக்கிழமை காலை லொறி வந்து நிற்கும்போதே போய்விடுகிறேன். எனக்குரிய இரண்டு பெட்டியைத் தம்பி உள்ளே ஏற்றாமல் படியிலேயே விட்டு, மேலே சாக்குப் போட்டு மூடி வைக்கிறான்.