சுங்கை சிப்புட் வட்டுக் கடையில் உலக முடிவுப் படங்கள்

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட உலக முடிவுப் படங்களை இவ்வளவு அக்கறையோடு தேர்ந்தெடுத்து வாடகைக்குத் தரும் கடை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இன்னொன்று இருப்பதாக நான் அறியவில்லை. சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சிறிய வட்டு (டிவிடி) கடையின் முன்பகுதியில் வழக்கமான தமிழ்ப் படங்களும் பக்திப் பாடல்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே, கல்லாவுக்குப் பின்னால் உள்ள இரும்பு அலமாரியில்தான் விண்கல், பெருவெள்ளம், நிலநடுக்கம், அணுப்போர் என்று உலகம் அழியும் கதைகள் எல்லாம் உள்ளன.

கடைக்காரர் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் அவரைக் கிராணி ஐயா என்றே அழைக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் செக்ரோல் என்னும் தொழிலாளர் வருகைப் பதிவேட்டை எழுதிய அந்தக் கை இன்றும் ஓயவில்லை. ஒவ்வொரு வட்டின் உறைக்குள்ளும் ஒரு சிறிய அட்டையை வைத்து, படத்தில் எது தேறும், எது தேறாது என்று நீல மையில் எழுதியிருக்கிறார். 'வானொலி கேட்கும் காட்சி நன்று. கடலலை சரியில்லை. மகள் வேடத்தில் நடித்த பெண்ணுக்காகப் பார்க்கலாம்' என்று ஓர் அட்டையில் படித்தேன். படத்தைப் பார்த்து முடித்த பிறகு, அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

இத்தகைய படங்களை வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது உறையை. கலிஃபோர்னியாவின் பர்பேங்க் நகரில் 1997-இல் தொடங்கப்பட்ட தி அசைலம் என்ற நிறுவனம், பெரிய படம் ஒன்று வெளிவரும் காலத்தையொட்டி அதே சாயலில் பெயரும் உறையும் கொண்ட சிறிய படத்தை நேரடியாக வட்டில் வெளியிடுவதையே தொழிலாகக் கொண்டது. ரோலண்ட் எம்மெரிக் ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவில் எடுத்த '2012' என்ற படம் திரைக்கு வந்தது 2009-இல். '2012: டூம்ஸ்டே' என்ற அசைலம் படமோ அதற்கு முந்திய ஆண்டிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பெரிய படத்தை நினைத்துக்கொண்டு சிறிய படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஏமாற்றம் இந்தக் கடையில் நேராது, ஏனெனில் இவ்வகைப் படங்களைக் கிராணி ஐயா தனித்தட்டில் வைத்து, 'பெயரைப் பார்த்து எடுக்க வேண்டாம்' என்று தட்டின் விளிம்பிலேயே ஒட்டியிருக்கிறார். அவற்றை அவர் இழிவாகப் பேசுவதும் இல்லை.

பணமில்லாத படம் எங்கே தோற்கிறது என்பதை அந்தத் தட்டிலிருந்து எடுத்த ஒரு படமே எனக்குக் காட்டியது. ஒரு சமையலறையில் நிலநடுக்கம் வருகிறது. கேமராவைப் பிடித்து ஆட்டுகிறார்கள், நடிகர்கள் இடமும் வலமுமாகச் சாய்கிறார்கள், ஆனால் மேசைமேல் இருக்கும் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. வானளாவிய அலையைக் காட்டும் படங்களிலும் இதே குறைதான். 2004 டிசம்பர் 26-இல் கெடாவின் கோத்தா கோலா மூடாவையும் பினாங்கையும் தாக்கி, இந்நாட்டில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன ஆழிப்பேரலைக்கு அடுக்குமாடி உயரமெல்லாம் தேவைப்படவில்லை. அதன் செய்திப் படங்களை அன்று வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்த நமக்கு, கணினியில் வரைந்த அலை எவ்வளவு உயர்ந்தாலும் நெஞ்சு பதறுவதில்லை.

உண்மையான பேரிடரில் சிறிய படத்துக்கு எட்டக்கூடிய காட்சிகள் நிறையவே இருக்கின்றன. 2013 பிப்ரவரி 15-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் வெடித்தபோது, வானில் தோன்றிய ஒளியைப் பார்க்கப் பலர் சன்னலருகே போனார்கள். ஒளிக்குச் சற்று நேரம் கழித்தே அதிர்வலை வந்து சேர்ந்தது. காயமுற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரைத் தாக்கியது உடைந்த சன்னல் கண்ணாடிதான். ஒரு வீடு, ஒரு சன்னல், வெளியே ஒரு வெளிச்சம், அதன் பின் வரும் அந்த அமைதி ஆகியவற்றைப் படமாக்கப் பெருஞ்செலவு ஆகாது. அழிவைக் காட்ட முயலாமல், அதற்காகக் காத்திருக்கும் மனிதர்களைக் காட்டும் படமே குறைந்த செலவில் வெல்கிறது என்பது என் உறுதியான கருத்து. அலமாரியின் மேல்தட்டில் கிராணி ஐயா வைத்திருக்கும் படங்களும் அதைத்தான் சொல்கின்றன.

அந்த மேல்தட்டிலிருந்து இரண்டு படங்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். டான் மெக்கெல்லர் எழுதி இயக்கி நடித்த 'லாஸ்ட் நைட்' (1998), நள்ளிரவோடு உலகம் முடியப்போகும் டொராண்டோ நகரில் நடக்கிறது. காரணத்தைப் படம் சொல்வதே இல்லை. இரவாகியும் வெளிச்சம் மட்டும் குறையாமல் இருக்கிறது. எரிவாயு நிறுவன அதிகாரி ஒருவர் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, இறுதிவரை எரிவாயு தடையின்றி வரும் என்று பணிவோடு உறுதி கூறுகிறார். உலகமே முடியும் நாளிலும் தன் வேலையைக் கைவிடாத அந்த மனிதரைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 'தம்பி, அலையப் பாக்கணும்னா இத எடுக்காதீங்க, ஆளுங்களப் பாக்கணும்னா எடுங்க' என்று சொல்லித்தான் கிராணி ஐயா இதை என் கையில் கொடுத்தார்.

மற்றொன்று, 1984-இல் பிபிசி ஒளிபரப்பிய 'திரெட்ஸ்'. ஷெஃபீல்ட் நகரின்மேல் அணுக்குண்டு விழுவதையும் அதற்குப் பிந்திய ஆண்டுகளையும் ஆவணப்படம்போல் சொல்லும் இத்தொலைக்காட்சிப் படத்தில், நகர மன்றக் கட்டடத்தின் நிலவறைக்குள் அகப்பட்ட அலுவலர்கள் இருக்கும் உணவை யாருக்குப் பங்கிடுவது என்று பட்டியலோடும் தொலைபேசியோடும் போராடுகிறார்கள். வெளியே என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. இந்த வகையில் இதைவிட அச்சமூட்டும் காட்சியை நான் கண்டதில்லை.

கடையில் குறைகளும் உண்டு. தமிழில் வசன வரிகள் உள்ள வட்டு ஒன்றுகூட இல்லை. மலாய் வரிகளை விரைந்து படிக்க இயலாத முதியோருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும். பழைய வட்டுகளில் கீறல் விழுந்தவையும் கலந்திருக்கின்றன. வாங்கும்போதே கல்லாவின் மேலிருக்கும் கருவியில் போட்டுக் காட்டச் சொன்னால் கிராணி ஐயா முகம் சுளிக்காமல் காட்டுவார். முன்பதிவும் கிடையாது, யார் முதலில் வருகிறாரோ அவருக்கே வட்டு.

ஓர் இரவுக்கு வாடகை மூன்று வெள்ளி (ரிங்கிட்). புதிதாக வருவோர் பத்து வெள்ளி முன்பணம் வைக்க வேண்டும், வட்டைத் திருப்பித் தரும்போது அது முழுமையாகக் கிடைத்துவிடும். 'திரெட்ஸ்' கேட்பவரிடம் மட்டும், 'வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?' என்று அவர் விசாரிப்பார். இருக்கிறார்கள் என்றால், பிள்ளைகள் தூங்கிய பிறகு பார்ப்பதாகச் சொன்னால்தான் வட்டு கைக்கு வரும்.