டிவி அலறும் தலைவலிப் பிரிவு

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர்கள் குவியும்; பிறகு மார்கழி வரை ராகு காலம், எமகண்டம், கரிநாள் என்று பொடி எழுத்தோடுதான் பிழைப்பு. தினமும் பிடரியில் தொடங்கி நெற்றியைச் சுற்றி இறுக்கும் வலிக்குக் கண்தான் காரணம் என்று இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன். சைனஸ் என்று ஆவியும் பிடித்தாயிற்று. தையில் வேலை ஓய்ந்ததும் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தலைவலிப் பிரிவுக்குப் போனேன். கட்டணம் 600 ரூபாய்.

பத்து மணி டோக்கனுக்குப் பன்னிரண்டரைக்கு அழைத்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் ஒரு டியூப் லைட் விட்டுவிட்டு மினுக்கியது. டிவியில் சீரியல் மாமியார் அலறிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். போதாக்குறைக்கு, சீட்டில் 'தலைவழிப் பிரிவு' என்று அச்சாகியிருந்தது. பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்தேன்.

மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. திடீரென்று தாக்கிய வலியா, காய்ச்சல் உண்டா, கைகால் மரத்துப்போகிறதா என்று விசாரித்தார். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்த்தார். ஸ்கேன் கேட்டது நான்தான். இப்போது தேவையில்லை என்றுவிட்டார்.

"மாதத்துக்கு எத்தனை மாத்திரை போடுகிறீர்கள்?"

"எப்போதாவது ஒன்று, டாக்டர்."

"எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா அம்மா?"

இல்லை. ஒரு மாதம் காலண்டரில் குறித்து வரச் சொன்னார். வலித்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. வட்டம் 26, பெருக்கல் 22. ஊருக்கெல்லாம் நாள் பார்த்துக் கொடுக்கும் எனக்கு இது தெரியவில்லை.

மாதம் 15 நாளாவது வலித்து, அது மூன்று மாதத்தைத் தாண்டினால் நாள்பட்ட தினசரித் தலைவலியாம். பெட்டிக்கடையில் ஒற்றையாகக் கிழித்துத் தரும், காஃபின் கலந்த கூட்டு மாத்திரையை மாதம் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டால், அதுவே வலியை வளர்க்கும். வெறும் பாராசிட்டமாலுக்கு அந்தக் கணக்கு 15 நாள்.

கடை மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வலி வராமல் தடுக்க இரவுக்கு அமிட்ரிப்டிலின் மாத்திரை 10 மில்லிகிராம் எழுதினார். முதலில் வலி கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்தார், கூடியது. ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. நாக்கு வறண்டது, காலையில் மந்தமாக இருந்தது. மூன்றாம் மாதம் வட்டம் 8.

போகிறவர்கள் டோக்கனை வாங்கிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் உட்காருங்கள், டிவி சத்தம் அங்கே எட்டாது. சீட்டில் இன்னமும் 'தலைவழி'தான்.